கெண்டைக் குஞ்சுக்குப் பூச்சி மருந்து

மகளுக்கு வயிற்றுப் பூச்சித் தொல்லை என்று வேப்பங்கொழுந்து அரைத்தேன். அந்த வாடை என்னைப் பாளையங்கோட்டை வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

அங்கே அக்கா ஓர் ஆற்றுக் கெண்டைக் குஞ்சைக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தாள். அது வயிறு ஒட்டிப்போய், வெள்ளை நூலாகக் கழிந்தது. "இதுக்கும் ஒன்னய மாதிரி பூச்சிதாம்ட்டி" என்று, தினமும் மாவில் பூண்டுச் சாறு பிசைந்து கடுகளவு போட்டாள். மீன் தேறியது.

அப்போதுதான் எனக்கும் வேப்பஞ்சாறு கொடுத்தார்கள். கசப்புத் தாங்காமல், வாய் நிறைய இருந்ததை ஜாடிக்குள் துப்பினேன். பாசித் தண்ணீரில் பச்சை தெரியவில்லை. மறுநாள் கெண்டை மல்லாந்து மிதந்தது.

"நாந்தாம்ட்டி பூண்டைக் கூடுதலாப் போட்டுக் கொன்னுட்டேன்" என்று அக்கா அழுதாள். கூடவே நானும் அழுதேன். உண்மையைச் சொல்லவில்லை. அவள் பிறகு மீனே வளர்க்கவில்லை.

"எம்மா, மருந்தத் துப்பிட்டேன்" என்று மகள் வந்து நிற்கிறாள். ஆறு வயது அவளுக்கு. நான் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.