வாளி கட்டிய படகு

எங்கள் கிளப்பில் முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறவன்தான் ஜெயித்தவன் என்று சொல்ல முடியாது. புதன்கிழமை மாலைகளில் பாலடோன் ஏரியில் ஓடுபவை எல்லாம் வெவ்வேறு ரகப் பாய்மரப் படகுகள். அதனால் ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் வகுப்போம். மெதுவான படகுக்குப் பெரிய எண். வகுத்தால் அதன் நேரம் சுருங்கும். கிழட்டுப் படகும் புதுப் படகும் சேர்ந்து ஓடுவதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. அதை மனிதர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நடுவர் படகில் கடிகாரம் பிடித்தபடி நான் பார்த்திருக்கிறேன்.

வில்மா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். நாளெல்லாம் பயந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த களைப்பு தீர ஏரிக்கு வருவாள். அவளுடைய அக்காள் கணவர் கெதியோனுக்கு ஒரு படகு இருந்தது. தரை ஓடு விற்கிற கடைக்காரர். அக்காளுக்குத் தண்ணீர் என்றாலே குமட்டும் என்பதால், பாய்க்கயிறு பிடிக்க வில்மா போனாள்.

முதல் வசந்தத்திலேயே அவளுக்கு வேலை புரிந்துவிட்டது. தோற்பதுதான் வேலை. வசந்தகால நேரங்களைப் பார்த்து ஜூன் கடைசியில் கமிட்டி எண்களை உறுதிசெய்யும். அதே எண்ணோடுதான் செப்டம்பர் கோப்பை. ஜூன் முடியும்வரை கெதியோன் படகின் அடியில் பாசியை வழிக்கவிடமாட்டார். பழைய துணிபோல் தொங்கும் பாயைத்தான் ஏற்றுவார். போதாததற்கு, பந்தயம் தொடங்கியதும் பின்பக்கம் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடவேண்டும். விடுவதும் முடிவுக்கு முன்னால் இழுப்பதும் வில்மா.

"அத்தான், இந்தக் கயித்தத் தொட்டாலே சளியத் தொட்ட மாதிரி இருக்கு."

"கை கழுவிக்க. செப்டம்பர்ல பன்னித்தொடை திங்கும்போது நல்லாத்தானே இருக்கும்?"

கோப்பையோடு ஒரு புகையூட்டிய பன்றித்தொடை பரிசு. அவருடைய கடை வருமானத்தில் மாதம் பத்து தொடை வாங்கலாம்.

இரண்டு வருஷம் அவள் பல்லைக் கடித்தாள். அக்காளுக்காக. மூன்றாம் வருஷம், ஜூனின் கடைசிப் பந்தயத்தில், எதிர்க்காற்றில் ஏறிக்கொண்டிருந்தபோது கெதியோனின் போன் அடித்தது. சரக்கு உடைந்து வந்திருக்கிறதாம். சுக்கானை அவளிடம் கொடுத்தார்.

"சும்மா நேரா பிடி. ஒண்ணும் அவசரமில்ல." கத்துவதற்காகக் கீழே அறைக்குள் இறங்கினார்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. காற்று எழும்பியது. பக்கத்தில் ஒரு சின்னப் படகு, அப்பனும் மகளும், உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் முகமெல்லாம் தண்ணீர், ஒரே சிரிப்பு. வில்மா வாளிக்கயிற்றைப் பார்த்தாள். இழுத்து மேலே போட்டாள். பச்சைக் கூழ் அவள் காலெல்லாம் வழிந்தது. பாயை இறுக்கினாள்.

படகு சாய்ந்த சாய்வில் கெதியோன் அறைக்குள் உருண்டார்.

"என்னடி பண்ற? பாய்க்கயித்த விடு! விடுங்கிறேன்ல!"

"வெளிய வராதீங்க அத்தான், பாய்க்கட்டை மண்டையில அடிக்கும்."

உண்மையிலேயே அடிக்கும், அந்தக் காற்று அப்படி. வாசலில் தலையை மட்டும் நீட்டி அவர் கெஞ்சினார், திட்டினார், அக்காளின் பெயரை இழுத்தார். அவள் அசையவில்லை. பாசியோடும் பழைய பாயோடும் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். நான் அந்தப் பெரிய எண்ணால் வகுத்தேன். மற்ற எல்லோரையும்விட வெகுதூரம் முன்னால் முதலிடம்.

கரையில் எல்லோரும் கெதியோனின் முதுகில் தட்டினார்கள். அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே. எண் கமிட்டித் தலைவர் திவதார் அவர் கையைக் குலுக்கிக்கொண்டே, "இந்த ஓட்டம் ஓடுற படகுக்கு இவ்வளவு சலுகை எதுக்குய்யா? குறைச்சிடறேன்," என்றார். செப்டம்பர் கோப்பை அங்கேயே போயிற்று.

வில்மா அதோடு விட்டிருக்கலாம். வாளியைக் கொண்டுவந்து கிளப் சாப்பாட்டுக்கூடத்தில் திவதாரின் மேஜைமேல் வைத்தாள், அவர் பொரித்த மீனுக்குப் பக்கத்திலேயே.

"இதக் கட்டித்தான் இத்தன நாளா தோத்தோம் சார்."

திவதார் தட்டைச் சற்றே நகர்த்திக்கொண்டார். "தெரியும்மா. ஒருத்தன் வாளி கட்டுறான், ஒருத்தன் நங்கூரச் சங்கிலியத் தொங்கவிடுறான். அதையும் சேர்த்துத்தான் நான் எண்ணே போடுறேன். உக்காரு, ஒயின் குடி."

"அப்ப எதையும் கட்டாம ஓட்டுறவங்க?"

"அவங்க பாவம்தான்," என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்தார்.

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். என் மீன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன். வில்மா உட்காரவில்லை. யாரோ ஊற்றிவைத்த ஒயினைத் தொடாமல் வெளியே போய் முழங்கால்வரை ஏரியில் நின்று கால் கழுவினாள்.

அக்காள் கிறிஸ்துமஸ்வரை பேசவில்லை. அடுத்த வசந்தத்தில் எங்கள் கிளப் ஆள் ஒருவர் வில்மாவைத் தம் படகுக்குக் கூப்பிட்டார். "உனக்குத்தான் அந்த வாளி வித்தையெல்லாம் தெரியுமே," என்று கண்ணடித்தார். தூ என்று துப்பிவிட்டு நடந்தாள்.

இப்போது தென்கரையில் வேறொரு கிளப்பில் இருக்கிறாள். அங்கே ஒற்றை ஆள் படகுகள், எல்லாம் ஒரே அச்சு. எண்ணும் இல்லை, வகுத்தலும் இல்லை. போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"பதினேழாவது வந்தேன்," என்றாள். "அசிங்கமா ஓட்டினேன். அசிங்கம் முழுக்க என்னோடது."