இரண்டு சாக்கிலும் கிழங்கு

எனக்கு வாய் நீளம். ஜெயங்கொண்டம் ரோட்டில் மூலிகை அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். மெஷின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே வாய் அப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். அது பொய். சின்ன வயதிலேயே அப்படித்தான்.

தங்கையை உடையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் முடிந்து மாமியார் வீட்டுக்குப் போனவள் போன் செய்தாள். "அக்கா, புள்ளைக்குப் பால் பத்தல. கெழங்குப் பொடி அரைச்சுக் குடுத்து வுடு." மில்லில் கிழங்கு என்றால் தண்ணீர்விட்டான் கிழங்கு. பச்சைமலைப் பக்கமிருந்து வரும். பால் ஊறுவதற்குக் கொடுப்பது. கிழங்கு என்று கரியால் எழுதிய சாக்கைப் பிரித்தேன், அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. பின்னால் இன்னொரு சாக்கிலும் கிழங்கு என்று எழுதியிருந்தது. மீதிக்கு அதிலிருந்து அள்ளிப் போட்டு அரைத்தேன். அன்றைக்கே தங்கை வீட்டுக்காரர் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மறுபடியும் போன். மில்லில் கூட்டம், கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, கசக்குதுக்கா."

"மருந்து பின்ன பாயாசம் மாதிரியா இருக்கும்? மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிடி."

"நீ திருந்தவே மாட்டக்கா" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

அன்று மத்தியானம் வாந்தி ஆரம்பித்தது. தொண்டை எரிகிறது என்றாளாம். அப்புறம் தண்ணீராகப் போக ஆரம்பித்து, சாயந்திரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேசவே தெம்பில்லை. "புள்ளைய எங்கிட்டக் குடுக்க மாட்டேங்குறாங்கக்கா" என்றாள். முதல் வாந்தி எடுத்ததுமே மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால்பவுடர் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். பெற்றவளிடமிருந்து பச்சைப்பிள்ளையைப் பிடுங்குகிற மனுஷியா இவள் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இரண்டாவது வாரம் தலை வாரிவிட்டேன். முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. அவள் பார்ப்பதற்குள் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்து இறந்துபோனாள்.

"ஏதோ விஷம் உள்ள போயிருக்கு, என்ன சாப்பிட்டாங்க?" என்று, அதுவரை வயிற்றுப்போக்கு என்றே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கேட்டார். நான் திரும்பி மாமியாரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "என் தங்கச்சிக்கு நீதாண்டி வெஷம் வச்ச" என்றேன். அதுவரைக்கும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதியும் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த அம்மாளை வாரத்துக்கு ஒருமுறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விஷம் வைத்தவள் என்று தெருவில் பேச்சாகி, நல்லது கெட்டதுக்குக்கூட யாரும் அவரை அழைக்கவில்லை.

அவர்கள் தரப்பில் ஒரே ஒரு பதில்தான் வந்தது: "அக்கா குடுத்த பொடியையும் பாருங்க." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் பொடியையா? மில்லில் மிச்சமிருந்ததை ஒரு கவரில் போட்டுக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு காலேஜில் மருந்துப் பொடிகளுக்கு டி.என்.ஏ. பரிசோதனை செய்கிறார்கள் என்று மில்லுக்கு வருகிற வைத்தியர் ஒருவர் சொல்லியிருந்தார். பக்கத்துக் கடைக்காரர், "அப்பன் யாருன்னு பாக்கத்தானே அந்த டெஸ்டு? மருந்துக்கும் அப்பன் தேடுறியா?" என்று கிண்டல் செய்தார். "ஆமா, தேடத்தான் போறேன்" என்றேன்.

அங்கிருந்த பேராசிரியை பொறுமையான பெண். மாவாக அரைத்த பிறகு கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாதது எல்லாம், பொடிக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் பிடிபட்டுவிடும் என்றார். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எழுத்து வரிசை உண்டாம், அதைத் தெரிந்த செடிகளின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். மில்லில் இருக்கும் எல்லாச் சாக்கிலிருந்தும் ஒவ்வொரு துண்டு அனுப்பச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அனுப்பினேன்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும், "உங்க ஊர்ல கிழங்குன்னா எதும்மா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பொடியில் இரண்டு செடி இருந்தது. ஒன்று தண்ணீர்விட்டான். இன்னொன்று கண்வலிக் கிழங்கு. எங்கள் பக்கம் பந்தல் போட்டு விதைக்காகப் பயிர் செய்வது அதைத்தான். சாக வேண்டும் என்று நினைத்தவர்கள் தின்கிற கிழங்கு என்பதால் முழுப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயல்காட்டில் கெழங்கு என்றால் அது ஒன்றுதான். உடைந்துபோன விதைக்கிழங்கை யாரோ வியாபாரி கேட்டார் என்று, என் வீட்டுக்காரர் தோல் சீவி நறுக்கிக் காயவைத்து, மில்லில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அவர் கிழங்கு என்று எழுதியதும் சரி. நான் எழுதியதும் சரி. காய்ந்த வில்லையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, நான் பார்க்கவும் இல்லை.

"இந்த விஷம் தாய்ப்பால்லயும் எறங்கும். குழந்தை நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு அந்தப் பால் போகாம யாரோ தடுத்திருக்காங்க" என்றார் பேராசிரியை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. தண்ணீர்விட்டான் கிழங்கு கசக்காது, லேசாக இனிக்கும். இத்தனை வருஷம் அரைத்தவளுக்கு அது தெரியும்.

"கிழிச்சிப் போடு. போனவ போயிட்டா. மில்லுக்குப் பூட்டுப் போட்டுட்டு ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவணுமா?" என்றார் வீட்டுக்காரர். நாலு நாள் ரிப்போர்ட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கிழிக்கத்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ஐந்தாம் நாள் ஸ்டேஷனுக்குப் போனேன். புகாரை வாபஸ் வாங்க வந்தீங்களா என்று கேட்டார்கள். "வேற ஒண்ணு எழுதிக் குடுக்க வந்தேன்" என்றேன்.

அங்கிருந்து அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலில் முந்திரிக்கொட்டையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "நாந்தான் அத்தை. என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்றேன். செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் முந்திரிக்கொட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒங்கிட்டப் போன் பேசிட்டு வந்தும் ஒரு வாயி குடிச்சிட்டு, முடியல அத்தேன்னு கொல்லப்பக்கம் ஊத்தப் போனாம்மா. நாந்தான் கையப் புடிச்சி நிறுத்துனேன். ஒங்கக்கா மில்லுக்காரி, அவளுக்குத் தெரியாததா, அவளே சொல்லிட்டா குடின்னு, பக்கத்துல நின்னு குடிக்க வச்சேன்."

உள்ளே குழந்தை அழுதது. அவர் எழுந்து போய்ப் பால் ஆற்றினார். சங்கில் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் என் தங்கை பிள்ளைக்குப் புகட்டினார்.