தெல்தெனியவில் பிராணி காட்டிய நாள்

பிராணி காட்டிப் பிழைக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: சரக்கு நம் கையில் இல்லை. துணிக்கடைக்காரர் அலுமாரியைத் திறந்தால் துணி இருக்கும். நான் கையை நீட்டிக் காட்டினால் அங்கே பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும். விருந்தாளிகள் முன்னால் பாடச் சொன்னால் வாயே திறக்காத பிள்ளையைப் பெற்றவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஒரே ஒரு போயா

கண்டியிலிருந்து ஆட்களை வேனில் தெல்தெனியப் பக்கம் கூட்டிப்போய், நீர்த்தேக்கத்தில் படகேற்றி, நடுவிலிருக்கும் குட்டித் தீவைச் சுற்றிக் காட்டுவது எங்கள் வேலை. இங்கிலீசிலும் சிங்களத்திலும் மட்டும்தான் விளக்கம் சொல்லி வந்தோம். நம் தமிழ் ஆட்கள் பாதி புரியாமல் தலையாட்டுவதைப் பார்க்க, நாவலப்பிட்டிக்காரியான எனக்குப் பொறுக்கவில்லை. தமிழிலும் ஒரு பயணம் வேண்டும் என்று ஒரு வருடம் முதலாளியை நச்சரித்தேன். கடைசியில் ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். வேன் புறப்படும்போது, வந்தவர்கள் கருத்து எழுதும் புத்தகத்தை என் கையில் கொடுத்து முதலாளி சொன்னார்:

"இன்னிக்கு வர்றவங்க இதுல நல்லதா நாலு வரி எழுதினா, மாசம் ஒரு தமிழ்ப் பயணம். இல்லாட்டி நீ பழையபடி டெலிபோன் மேசைக்கே போயிடணும்மா."

அரை மார்க்

காணக்கூடிய பிராணிகளின் பட்டியலை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். கண்டால் சரி போடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் (படகில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்), சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பட்டியலில் எழுத்துப்பிழை உண்டா என்று அவசரமாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. முதல் வெற்றி என்று சந்தோஷமாகக் காட்டினேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"பிள்ளை, நீர்க்காகம் எண்டு சொல்லுறியள். அது மரத்தில இருந்து செட்டை காயவிடுது. தண்ணிக்குள்ள இறங்கினதைக் கண்டாப் பிறகுதான் முழு மார்க். இப்ப அரை மார்க் போடுறன்."

கம்பளைக்குத் தெரிந்தவர்

தீவின் கரையில் கபரகொய்யா என்னும் ஆறடி நீர் உடும்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் இதைக் கண்டால் படகு சாயும் அளவுக்கு ஒரே பக்கம் வந்து படம் எடுப்பார்கள். நானும் குரலைத் தாழ்த்தி, அதன் நாக்கு, நகம், நீச்சல் எல்லாவற்றையும் விவரித்தேன். படகில் ஒருவரும் அசையவில்லை. மாஸ்டர் கொட்டாவி விட்டார். கம்பளையில் கடை வைத்திருக்கும் ஹாஜியார் மட்டும் என்மேல் இரக்கப்பட்டு வாய் திறந்தார்.

"மிஸ், இவரு எங்கட கடைக்குப் பின்னால அழுக்குத் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஒவ்வொரு நாளும் படுத்திருக்காரு. இவரப் பாக்கவா நாங்க வேன் ஏறி வந்த?"

காதுள்ள கல்

புத்தகத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. டெலிபோன் மேசையின் கதிரைகூடக் கண்முன் வந்தது. அப்போதுதான் ஹாஜியாரின் மனைவி நஸீமா, தூரத்துக் கரையில் கறுப்பாக ஒன்றைக் காட்டி யானை என்றார்.

இந்த இடத்தில் என் கொள்கையைச் சொல்லவேண்டும். அந்தப் பக்கம் யானை வருவது மிக அபூர்வம். வழிகாட்டியான புதிதில் ஒரு பாறையை யானை என்று காட்டி, இருபது பேர் முன்னால் மானம் போனவள் நான். அன்றிலிருந்து கறுப்பாக எது தெரிந்தாலும் எனக்கு அது கல்தான். இதுவும் கல், அணை கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். காது ஆடுகிறது என்றார் நஸீமா. காற்றில் செடி ஆடுகிறது என்றேன்.

படகோட்டி சுனில் எஞ்சினை நிறுத்தினார். கல் எழுந்து தண்ணீரில் இறங்கியது. தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, எங்களைச் சட்டை செய்யாமல், தீவை நோக்கி நிதானமாக வந்தது. பன்னிரண்டு பேரும் மூச்சுவிட மறந்து பார்த்தார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நஸீமா என் கையை மெல்லத் தட்டினார்.

"மிஸ், உங்கட கல்லு நல்லா நீந்துது."

புத்தகம்

கரையேறியதும் ஆளாளுக்குக் கைபேசியில் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போய்விட்டார்கள். புத்தகத்தை ஒருவரும் தொடவில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினேன். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மாஸ்டரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதே சிவப்புப் பேனா. எழுதி முடித்ததும் மூடித்தான் தந்தார். திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை முதலாளி சத்தமாக வாசித்தார்: "பிராணிகள் மிக நன்று. வழிகாட்டி மிகுந்த ஆர்வமுள்ளவர். பார்வையில் கவனம் தேவை. முன்னேற்றத்தைப் பரிசோதிக்க அடுத்த போயாவுக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் உறவினருடன் வருகிறோம்." வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு படகு சொல்லி வைம்மா. போற வழியில கண் டாக்டரையும் ஒருக்கா பாத்துட்டுப் போ."

ஆக, தமிழ்ப் பயணத்தைக் காப்பாற்றியது நான் ராப்பகலாகப் படித்த பிராணிப் புத்தகங்கள் அல்ல, நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நம்பாத கம்பளைப் பெண்மணிதான்.