தைப்பூசத்தில் நின்ற லேப்டாப்

தட்சிணாமூர்த்தி உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் தேதிகளுக்குக் காவல் இருந்தவர். புவனகிரிப் பக்கம் ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. செத்துப்போன பெரியவர் சாவதற்கு முந்தின நாள்தான் கையெழுத்துப் போட்டார் என்று யாராவது முன்தேதியிட்ட பத்திரத்தோடு வந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை தாங்காமல் ஆள் தானாக எழுந்து போய்விடுவார். அலுவலகத்தில் அவருக்குக் காலண்டர் என்று பட்டப்பேர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் காலண்டர்தான் ஓய்வு பெற்று, கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, ஒரு லேப்டாப்பை இருபது இருபத்தைந்து வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய், திரும்பக் கூட்டிவர மறந்து, நெட் வரவில்லை என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

லேப்டாப் அவருடைய ஒரே மகள் பிரியம்வதாவுடையது. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த அவள், புதிது வாங்கியதும் பழையதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். பேப்பர் படிக்கவும் மெயில் பார்க்கவும் கற்றுக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். பத்திர அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஜாதக சிடி ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அது இலவசப் பதிப்பு. இந்த நிமிஷம் கிரகங்கள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் கட்டம் போட்டுக் காட்டும். பிறந்த தேதியைக் கொடுத்து ஜாதகம் கணிக்க வேண்டுமென்றால் பணம் கட்டு என்று சொல்லிவிடும்.

தட்சிணாமூர்த்தி யோசித்தார். பழைய கிரகத்தை லேப்டாப்புக்கு வரவழைக்க முடியாது, சரி. லேப்டாப்பைக் கிரகம் இருந்த காலத்துக்குக் கொண்டுபோனால் என்ன? மூலையில் இருந்த கடிகாரத்தை அமுக்கி, தேதியையும் நேரத்தையும் மாற்றினார். சாஃப்ட்வேர் பாவம், அன்றைக்குத்தான் உலகம் நடக்கிறது என்று நம்பி, அந்த நாளின் கட்டத்தைக் காட்டியது. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

கல்யாண வயசில் பிள்ளை வைத்திருந்தவர்கள் தெருத்தெருவாக வர ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு குறைதான். தேதியை 1980-க்கு முன்னால் வைக்க லேப்டாப் சம்மதிக்காது. அதற்கு முன்பு பிறந்தவர்கள் வந்தால், "எண்பதுக்கு முன்னாடி வண்டி போவாதுங்க" என்று கையை விரித்துவிடுவார். சொல்லும்போது அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

பார்த்து முடித்ததும் தேதியைத் திருப்பி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வந்தவர்கள் காபி குடித்து, ஊர்க்கதை பேசி, அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவதற்குள் மறந்துவிடும். மறுநாள் மெயில் வராது, சாட் வராது, வீடியோ வராது. பேப்பர் மட்டும் ஜோராக வரும். நெட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, இல்லையா என்று கேட்டால் இல்லை. இந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் திரையில் நிற்கும். பத்திர அலுவலகத்தில் தலை நரைத்த மனுஷனுக்கு அந்த ஒரு வரி போதாதா? லேப்டாப்புக்கு இன்றைக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் என்றால், போன வருஷம் கொடுத்த சான்றிதழ் அதற்கு எப்படிச் செல்லும்? பேப்பர் சான்றிதழ் எதுவும் காட்டாமலே வருவதால் அது மட்டும் தப்பித்தது. அவர் மேஜைக்கு வந்திருந்தால் அவரே பேனாவை மூடியிருப்பார். ஆனால் அவரோ, சர்டிஃபிகேட் வாங்காமலேயே கம்பெனி நடத்துகிறான்கள் என்று மனைவி அமிர்தத்திடம் அங்கலாய்த்தார்.

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கதிரவனுக்குப் போன் போகும். அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தட்சிணாமூர்த்தி சட்டையை மாட்டிக்கொள்வார். அதே வேகத்தில் லேப்டாப்பின் தேதியையும் இன்றைக்குக் கொண்டுவந்துவிடுவார். அந்நிய ஆளின் கண்ணில் தன் வீட்டில் முன்தேதி படுவது அவருக்கு மானக்கேடு. கதிரவன் வந்து உட்கார்ந்தால் மெயில் வரும், சாட் வரும், எல்லாம் வரும். அவன் ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே சார் என்று போய்விடுவான். போகிறபோக்கில் ஒருநாள், "நான் வந்தாதான் ஓடுதுன்னா என் போட்டோ ஒண்ணு தரேன் சார், பக்கத்துல மாட்டி வச்சிக்கங்க" என்றான். அமிர்தம் அதை நிஜமாகவே யோசித்தாள்.

டெலிபோன் லைன்மேன் வந்து பார்த்து, பக்கத்து வீட்டு ஜான்சி டீச்சரின் தென்னை ஒயரில் உரசுகிறது என்றார். டீச்சர் நல்ல மனசுக்காரி, நாலு மட்டையை வெட்டச் சொன்னாள். லேப்டாப் வடக்கே பார்த்து வைக்கப்பட்டது, பிறகு கிழக்கே. ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்ததில் கொஞ்சம் குங்குமம் உள்ளே விழுந்து, தட்டும்போதெல்லாம் விரல் சிவந்தது. நெட் மட்டும் தன் இஷ்டப்படி வந்தது, போனது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாக இல்லாதது ஒன்று அவர் மனசில் இருந்தது. பிரியம்வதாவுக்குக் கல்யாணம் கூடவில்லை.

அவள் 1985-இல் தைப்பூசத்தன்று பிறந்தவள். அன்றைக்குப் பஸ்ஸெல்லாம் வடலூருக்குப் போய்விட, தட்சிணாமூர்த்தி புவனகிரியிலிருந்து தொற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது சாயங்காலம் ஆறே முக்கால் மணி. பிள்ளை அப்போதுதான் பிறந்திருந்தது. காலையோடு பூச நட்சத்திரம் முடிந்து ஆயில்யம் வந்துவிட்டிருந்தது. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்த ஒரு பேச்சால் வந்த வரன்களெல்லாம் ஜாதகத்தோடு நின்றன. புரோக்கர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கொன்றும் அவசரமில்லை என்று மகள் சொல்கிறபோதெல்லாம் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

கடைசியில் ஆயுசில் செய்யாததைச் செய்தார். சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கனகசபேசன் வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டபோது, சாயங்காலத்தைக் காலையாக்கி எழுதிக் கொடுத்துவிட்டார். பூசம். பொருத்தம் பிரமாதம் என்று பதில் வந்தது. பையன் வெங்கட்ராம் சிங்கப்பூரில் இன்ஜினியர். போட்டோவைப் பார்த்து பிரியம்வதா முதல்முறையாக, சரிப்பா என்றாள். விஷயம் அமிர்தத்துக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது.

பையனுக்கு லீவு இல்லை. அதனால் 2011 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா அம்மா செம்மண்டலத்துக்கு நேரில் வருவது, அவன் லேப்டாப்பில் வருவது என்று பேச்சு. கதிரவன் முதல் நாளே வந்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு காலை குளித்து, விபூதி பூசி, தட்சிணாமூர்த்தி சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனசாட்சி அரித்தது. நிஜமான ஜாதகம் அவ்வளவு மோசமா என்று கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என லேப்டாப்பைத் தைப்பூசத்துச் சாயங்காலத்துக்குக் கொண்டுபோனார். கட்டத்தை முறைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் ஹாரன். கட்டத்தை மூடினார். தேதியை மறந்தார்.

கனகசபேசன் கடையில் கூவிப் பழகிய தொண்டைக்காரர். அவர் மனைவி கல்யாணசுந்தரி வார்த்தையை எண்ணிப் பேசுகிறவள். கேசரி சாப்பிட்டாயிற்று. லேப்டாப்பைத் திறந்தால் வீடியோவில் நுழையவே முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்து பையன் அப்பாவின் செல்லுக்குக் கூப்பிட்டு, நான் ரெடி, நீங்கள் ரெடியா என்று கேட்டபடி இருந்தான்.

கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து அறையில் பட்டுப்புடவையோடு இருந்தாள். ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் கூப்பிடுவதற்கு முன்னால் பெண் வெளியே வரக் கூடாது. ஆகவே வைத்தியம் கதவு வழியாக நடந்தது. அமிர்தம் போய்க் கேட்டு வந்து, மோடத்தை அணைத்துப் போடச் சொல்கிறாள் என்றாள். போட்டார்கள். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்கிறாள் என்றாள். அது அணைந்து எழுவதற்குள் எல்லோரும் இரண்டாவது காபி குடித்தார்கள். தட்சிணாமூர்த்தி ஜன்னல் வழியாக ஜான்சி டீச்சரின் தென்னையைக் கொலைவெறியோடு பார்த்தார். அமிர்தம் மறுபடி உள்ளே போய் வந்து, மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று கேட்கிறாள் என்றாள்.

தட்சிணாமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார். அதற்குள் கனகசபேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, பாத்திரத்தின் எடையைச் சொல்கிற குரலில் வாசித்தார்.

"அஞ்சு, ரெண்டு, எண்பத்தஞ்சு. மணி ஏழரை, சாயங்காலம். இருபத்தாறு வருஷம் பின்னாடி ஓடுதுங்க உங்க மிஷினு. உள்ள பேட்டரி போயிருக்கும்."

லேப்டாப்பின் கணக்குப்படி பிரியம்வதா பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

பேட்டரிதான் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். பாத்திரக்கடைக்காரரே வழி திறந்து வைத்திருந்தார். ஆனால் கல்யாணசுந்தரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது பொண்ணு பொறந்த தேதியாச்சே. காலையிலன்னு இல்ல எழுதிக் குடுத்தீங்க?"

கேட்டுவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதை வாங்குவது எப்படி இருக்கும் என்று இத்தனை வயசில் இப்போதுதான் தெரிந்தது. அவர் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுந்ததைப் போலவே தானாக எழுந்து நின்றார்.

"சாயங்காலந்தாங்க பொறந்தா. ஆயில்யம். நாந்தான் மாத்தி எழுதிட்டேன். நெசக் கட்டத்தப் பாக்கத்தான் காலையில மிஷின அந்த நேரத்துக்குத் திருப்பி வச்சேன். எம் பொண்ணுக்கு இது தெரியாது."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். இருக்கிற ஒரே பெண்ணின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று தலையைக் குனிந்துகொண்டார். கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே பிரியம்வதா வெளியே வந்தாள். பாதி பூதான் வைத்திருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. நேரே லேப்டாப்பின் முன் உட்கார்ந்து தேதியை மாற்றினாள். இருபத்தாறு வருஷத்தையும் நாலு தட்டில் கடந்து வந்தாள்.

"அவரு ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்காரு. வேணாம்னா மொகத்தப் பாத்துச் சொல்லிடுங்க" என்றாள்.

மெயில் வந்தது, சாட் வந்தது, டை கட்டிக்கொண்டு வெங்கட்ராமும் வந்தான். அவன் வணக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கல்யாணசுந்தரி முந்திக்கொண்டாள். பெண் பூசம் இல்லையாம், ஆயில்யமாம் என்றாள்.

"உன்ன மாதிரியாம்மா?" என்றான் வெங்கட்ராம்.

கனகசபேசன் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அவள் பூசம். கல்யாணமான நாளிலிருந்து அவள் பூசம். மாசம் தவறாமல் நடராஜர் சன்னதியில் அவள் பேருக்குப் பூச நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து வந்தவர் அவர்.

கல்யாணசுந்தரி அசரவில்லை. "எங்கப்பாவும் இவரு பண்ணததான் பண்ணாரு. புள்ளகிட்ட மட்டுந்தான் சொல்லி வச்சிருந்தேன். உங்கம்மா தொண்ணூறு தாண்டி இருந்தாங்களா இல்லியா? நான் இருந்த வீட்டுல அவுங்களுக்கு ஒரு தும்மல் வந்துச்சா? படுத்தப்பல்லாம் நாந்தான் படுத்தேன்" என்றாள். பிறகு தட்சிணாமூர்த்தியிடம் திரும்பி, "ஒக்காருங்க. பொய் எழுதிக் குடுத்தீங்கன்னு எனக்குக் கோவம் ஜாஸ்தியாத்தான் வருது. ஆனா அதச் சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. பொண்ணு பேசட்டும்" என்றாள்.

தட்சிணாமூர்த்தி உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டார், மறைக்கவில்லை. பிரியம்வதாவும் வெங்கட்ராமும் முதலில் மோடத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு எதற்கோ சிரித்தார்கள். கல்யாணசுந்தரி அமிர்தத்திடம், கல்யாணத்தைக் கடலூரில் வைக்கலாமா சிதம்பரத்தில் வைக்கலாமா என்று கேட்டாள்.

கனகசபேசன் மட்டும் அர்ச்சனையை விட்டு வெளியே வரவில்லை. இத்தனை வருஷப் புண்ணியமும் எந்தப் பூசத்துக்காரி கணக்கில் போய் ஏறியதோ என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைத் தட்சிணாமூர்த்தியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவரால் முடிந்தவரை தணிந்த குரலில், அதாவது தெருவுக்கே கேட்கும்படி, விஷயத்துக்கு வந்தார்.

"சார், இவ பொறந்தது அம்பத்தஞ்சு. இந்த மிஷினு அங்க போவுமா? நெசமாவே ஆயில்யந்தானான்னு நானும் ஒருதரம் பாத்துடறேன்."

தட்சிணாமூர்த்தி கல்யாணசுந்தரியைப் பார்த்தார். அவள் கண் இமைக்காமல் அவரைப் பார்த்தாள்.

"எண்பதுக்கு முன்னாடி போவாதுங்க" என்றார். அதை இவ்வளவு நிம்மதியாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பிரியம்வதா திரையிலிருந்து திரும்பினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"இனிமே எண்பதுக்கு இந்தப் பக்கமும் போவாதுப்பா" என்றாள்.

காலண்டர் தலையாட்டினார்.