சுவிட்சைப் போடுமுன்

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு, மாத்தளையில் நான் வயரிங் படித்த கல்லூரியின் பட்டறைக்குள் முதல்முறையாக நுழைந்தேன். ஒரு பெண் தாலியைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், பெரிய பொட்டு, காலில் ஆண்கள் போடும் சப்பாத்து. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர், என் வகுப்புத் தோழி. மின்பலகையைத் தொடுமுன் வாராவாரம் அப்படித்தான் செய்தார்.

"தாலியக் கழட்டலாமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கரண்டுக்குத் தாலியும் கம்பிதான் தம்பி. நான் போயிட்டா அவருக்கு யாரு சோறு போடுறது?"

தேறினால் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை தருவதாகத் தோட்டத்து மேலாளரான துரை அக்காவிடம் சொல்லியிருந்தார். செய்முறைத் தேர்வன்று பதற்றத்தில் அக்கா தாலியைக் கழற்ற மறந்துவிட்டார். கடைசியில் சுவிட்சருகே போன கை நின்று, கழுத்துக்குப் போனது. கொக்கி சிக்கிக்கொண்டது.

"நேரம் முடியுது, போடுங்க!" என்றார் தேர்வாளர்.

"முடிஞ்சா முடியட்டும் சேர்."

தாலியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சுவிட்சைப் போட்டு, பல்பு எரிந்தபோது நேரம் முடிந்து இரண்டு நிமிடம் கடந்திருந்தது. அந்த முறை அவர் தேறவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து தேறினார். எங்கள் வகுப்பில் படித்த பதினெட்டுப் பேரில் இன்றும் வயரிங் வேலை செய்பவர் அவர் ஒருவர்தான்.