மாப்பிள்ளைக் காரும் கல்லாய்ப் போன பிரேக்கும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்

போன ஆவணியில் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணம். பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வேண்டாம், என் பழைய அம்பாசிடரில் அவனை உட்காரவைத்து நானே ஓட்டுவேன் என்று ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். "அக்காக்காரியா மாப்பிள்ளைக் கார் ஓட்டப் போறா?" என்று பெண் வீட்டில் யாரோ சிரித்ததாகக் காதுக்கு வந்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய காரில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் மடத்தனத்தையும் சேர்த்து.

வண்டி என்னைவிட வயதில் மூத்தது. ஆனால் நான் அதைச் சும்மா இருக்க விடவில்லை. வேகத்துக்காகப் பெரிய கார்புரேட்டரும் கொஞ்சம் முறுக்கான கேம் ஷாஃப்ட்டும் போட்டேன், போன வருடம் பவர் பிரேக்கும் மாட்டினேன். இஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பை வைத்துத்தான் பவர் பிரேக் வேலை செய்யும். மெக்கானிக்குகள் அதை வேக்குவம் என்பார்கள். அது குறைந்தால் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், நம் கால் பலம்தான் மிச்சம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை 5.45க்கு நானும் செந்திலும் மதுரையில் கிளம்பினோம். அன்று மாலை ஐந்தரைக்கு மாப்பிள்ளை அழைப்பு. திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக 75 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பிரேக் வெண்ணெயாக இருந்தது. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் இஞ்சின் நன்றாக இழுக்கும், அதனால் குறை தெரியாது. 7.30க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் நுழைந்தபோதுதான் வினை. முன்னால் பேருந்து, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள், ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டியிருந்தது. மூன்று தடவை மிதித்தேன், பிடித்தது. நாலாவது தடவை பெடல் இறங்கவே இல்லை. இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். ஒரு பூக்கூடைக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது.

"ஏட்டி, பூ வேணும்னா இறங்கி வந்து வாங்கு!" என்றார் பூக்கார அம்மா. இறங்கிப் போய் நாலு முழம் வாங்கினேன்.

செந்தில் சிரிக்கவில்லை. "அக்கா, சாயங்காலம் பூரா இதே வேகத்துலதான் போகணும். நாதஸ்வரமும் தவிலும் பம்பருக்கு முன்னாடி நடப்பாங்க. வாடகைக் கார் சொல்லிறவா?" எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. நாலு மணிக்குள் சரியாகாவிட்டால் வாடகைக் கார் என்று ஒப்புக்கொண்டேன்.

பெண்ணின் மாமா போனில் ஒரு வழி சொன்னார். செட்டியார்பட்டியில் பால்ராஜ் என்று ஒருவர், நூல் மில்லில் பராமரிப்பு ஃபிட்டர். அன்று அவருக்கு விடுமுறை. பழைய வண்டி என்றால் உயிராம். கை பிரேக்கில் ஒரு கையை வைத்தபடியே ராஜபாளையம் தாண்டி, சுமார் இருபது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு 9.15க்குப் போய்ச் சேர்ந்தோம்.

பால்ராஜ் அண்ணன் இழுப்பை அளக்கும் மீட்டரை மாட்டிப் பார்த்தார். எட்டு இன்ச். "பதினாறு இன்ச்சாவது வேணும்மா. மில்லுல பஞ்சு உறிஞ்சுற இழுப்பு கொறஞ்சா மோட்டார மாத்த ஓட மாட்டோம். மொதல்ல ஓட்டை எங்கனு பாப்போம்." இஞ்சின் விசிறி காற்றடிக்கக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றினார். ஒரு துளி பஞ்சை விரலால் திரித்துக் கம்பியில் சுற்றி, ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினார். பிரேக்குக்குப் போகும் ஹோஸ் பக்கம் பஞ்சு அசையவில்லை. கார்புரேட்டருக்கு அடியில் கொண்டுபோனதும் வெடுக்கென்று உள்ளே இழுபட்டது.

"எம்புட்டுப் பெரிய வாய்னு பாருங்க! கேஸ்கெட் இல்லாம பசைய அப்பி வச்சிருக்கு. யாரு பாத்த வேல?"

"நான்தான்ணே."

"பெட்ரோலு பசையத் தின்னுரும்மா," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கார்புரேட்டரைக் கழற்றி, அதன் அடியில் கேஸ்கெட் அட்டையை வைத்து விளிம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டியே வெட்டி எடுத்து மாட்டினார், பெல்ட்டையும் திரும்பப் போட்டார். முள் பதின்மூன்றுக்கு ஏறியது. நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை. "செத்த நேரம் இருங்க. இப்ப நான்தான் நாதஸ்வரம்," என்று சந்தில் பம்பருக்கு ஓரமாக நடந்தார். அவர் நின்றால் நான் நிற்க வேண்டும். ஏழாவது மிதியில் பெடல் மறுபடி கல்.

"சும்மா நிக்கும்போது இஞ்சின் ஏன் இப்படி இருமுது?"

"அந்தச் சத்தத்துக்குத்தாண்ணே ஐடிலைக் குறைச்சு வச்சேன். குதிரை மாதிரி கேக்கும்."

"நல்லாக் கேட்டீக. இஞ்சின் இருமுனா இழுப்பு எங்க இருக்கும்? சத்தத்துக்காக பிரேக்க வித்துட்டு வந்திருக்கீக!"

 அவர் ஐடிலை 900க்கு உயர்த்தி, தீப்பொறி விழும் டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். முள் பதினாறரை. என் குதிரை போய்விட்டது. வண்டி தையல் மிஷின் மாதிரி சமர்த்தாக ஓடியது.  மறுபடி நடந்தார், நாற்பது தடவை நின்றார், நாற்பது தடவையும் பெடல் இறங்கியது. மணி 1.15. கூலி 850 ரூபாய்.

வண்டியில் கைவைத்திருப்பவர்களுக்கு: பவர் பிரேக்கை நெடுஞ்சாலையில் சோதித்து ஏமாறாதீர்கள். காலி இடத்தில் நடை வேகத்தில் அடுத்தடுத்து இருபது தடவை மிதித்துப் பாருங்கள். இஞ்சினை அணைத்த பிறகும் இரண்டு மிதியாவது மெத்தென்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஊருக்குள் போகாதீர்கள். தேரடிப் பக்கம் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை கார் வேண்டவே வேண்டாம். நேரம் இருந்தால் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் போங்கள், மழைக்குப் பிறகு போனால்தான் அருவியில் தண்ணீர் இருக்கும்.

மாலை 5.40க்கு ஊர்வலம் கிளம்பியது. தவில்காரருக்குக் காலையில் நடந்த பூக்கூடைக் கதை எப்படியோ போய்விட்டிருந்தது. ஜன்னலில் குனிந்து, "யம்மா, பிரேக்கு பிடிக்கும்லா?" என்றார். "பிடிக்கும்ண்ணே, பயப்படாம வாசிங்க," என்றேன்.  முதல் தெரு முழுக்க, நாலு தட்டு தட்டுவதும் கழுத்தைத் திருப்பி என் பம்பரைப் பார்ப்பதுமாகவே போனார். ஒவ்வொரு முறையும் நான் மெதுவாக மிதித்தேன், ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது. இரண்டாவது தெரு திரும்பியதும் அவருக்கு வாசிப்பு ஏறிவிட்டது. கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு, பம்பருக்கு இரண்டடி முன்னால் நடந்தார். மண்டபம் வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.