அம்மாவின் சுருட்டுக்கு ஒரு டப்பா

என் அம்மா சுருட்டு பிடிப்பாள். இதை எழுதும்போதுகூட யாராவது பின்னால் நின்று படிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பீடி பிடித்த அப்பாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் சொல்லிவிடலாம். சுருட்டு பிடிக்கும் அம்மாவை எந்த வாயால் சொல்வது?

ஜீவனஹள்ளியில் இருந்தவரை இது ஒரு விஷயமே இல்லை. அம்மா கட்டட வேலைக்குப் போனவள். கூடச் சித்தாள் வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றைப் பற்றவைப்பார்கள். அம்மாவின் சுருட்டு இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் கிடக்கும். நான் படித்து, டீச்சராகி, காக்ஸ் டவுனில் சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியேறி, போன வருஷம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் டப்பா தேவைப்பட்டது. உண்மையில் தேவைப்பட்டது எனக்கு.

நாளைக்கு ஒன்று, அதுவும் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அதனால் பிடிக்கிற சுருட்டால் தொல்லை இல்லை, பிடிக்காமல் மிச்சம் இருந்த சுருட்டுதான் மானத்தை வாங்கியது. அலமாரியில் வைத்தால் புடவையெல்லாம் அந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை அதையே கட்டிக்கொண்டு ஆராதனையில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். முன்வரிசையில் யாராவது மூக்கை உறிஞ்சினால் போதும், எனக்குப் பாட்டில் அடுத்த வரி மறந்துவிடும்.

முதலில் எவர்சில்வர் டப்பா கொடுத்தேன். ஆடி மாதத்து மழைக்கு உள்ளே வேர்த்து, சுருட்டின்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். அம்மா ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "பக்கெட்டைக் கொளுத்தின மாதிரி இருக்குதுடி" என்று துப்பினாள். ஊறுகாய் பாட்டிலை மூன்று முறை கழுவி வெயிலில் காயவைத்தும் மாங்காய் போகவில்லை. போனில் தேடினால், வசதியானவர்கள் இதற்கென்றே மரப்பெட்டி வைத்திருக்கிறார்களாம், உள்ளே ஈரம் எவ்வளவு என்று காட்ட ஒரு முள் வேறு. வரவேற்பறையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைப்பார்களாம். என் கணவர் எட்டிப் பார்த்து, "அத்தைக்கு ஒரு ஷோகேஸ் வாங்கிடலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் சரிப்பட்டது நீல டின். நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின், வட்டமானது. பிஸ்கட் தீர்ந்தாலும் எங்கள் வீடுகளில் அந்த டின்னுக்குச் சாவு கிடையாது. ஊசி நூல் போட்டு வைப்போம், கிறிஸ்துமஸ் வந்தால் குல்குல் போட்டு வைப்போம். அம்மா தன் பழைய பச்சைப் புடவையில் ஒரு துண்டு கிழித்து உள்ளே விரித்தாள். சுருட்டுகளை வரிசையாக அடுக்கி, காய்ந்துபோகாமல் இருக்க ஆரஞ்சுத் தோல் ஒன்றை ஓரத்தில் வைத்தாள். மூடிய பிறகு மூக்கை ஒட்டிவைத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவள் டின்னைத் தொடும்போதெல்லாம், "நல்லா அழுத்தி மூடும்மா, வாசனை வெளிய வரப்போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாத்தனார் கொண்டுவந்தது இரண்டு டின். டிசம்பரில் பெயிண்ட் அடித்தபோது பின்பக்கத்துச் சாமானோடு சுருட்டு டின்னும் சமையலறை அலமாரித் தட்டுக்கு வந்தது. மாவைச் சீப்பில் உருட்டி, பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டி அம்மா செய்த குல்குல் இன்னொரு நீல டின்னில், அதே தட்டில் இருந்தது.

சாயங்காலம் கேரல் பாட சர்ச்சிலிருந்து வந்தார்கள். பாடி, ஜெபித்து முடித்ததும் குல்குல் எடுக்க நான் எழுந்தேன். பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண், "நீங்க உட்காருங்க டீச்சர், நான் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள். நீல டின்னைக் கொண்டுவந்து, எல்லாருக்கும் நடுவில் டீப்பாயில் வைத்துத் திறந்தாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெயிண்டரோடது. மறந்துட்டுப் போயிட்டாரு போல" என்றேன். வேத வசனம் சொல்வதுபோல அவ்வளவு சரளமாக வந்தது பொய்.

"பெயிண்டர் ரொம்ப நீட்டான ஆளுதான். துணி விரிச்சு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு வச்சிருக்காரே" என்றார் பாஸ்டரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பச்சைப் புடவையைத்தான் அம்மா மாதக்கணக்கில் சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே பெஞ்சுக்காரர்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவோரம் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். "ஆமாம்மா, அந்த ஆளுதுதான். வந்து கேப்பாரு" என்று சொல்லி, மூடியைச் சுற்றிலும் அழுத்தி மூடினாள். உள்ளே போய், சரியான டின்னைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் தட்டிலும் குல்குல் வைத்தாள்.

அவர்கள் போனதும், "ஏம்மா..." என்று ஆரம்பித்தேன். "சும்னே இரு. நீ நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்க வேணாமா?" என்றாள். காலையில் சுருட்டெல்லாம் குப்பை வண்டியில் போயிற்று. அதற்குப் பிறகு அம்மா அதைத் தொடவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது பொய்யைவிட அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரியில் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. பாய் விரித்துவிட்டுத் தேடினால், அம்மா தன் அறையில் படுத்திருந்தாள்.

"எழுந்து வாம்மா, எல்லாரும் வர நேரமாச்சு."

"நான் எதுக்கு? எதனா கேப்பாங்க, அப்புறம் நீ பதில் சொல்லணும்."

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கதவை நல்லா அழுத்திச் சாத்து. வாசனை வெளிய வரப்போவுது."

அவள் சுருட்டை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அறையில் விளக்கெண்ணெய் வாசனை மட்டும்தான் இருந்தது. வாசலில் பாஸ்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் கதவைச் சாத்தினேன்.